சீல் வைத்த சாம்பிள்

கோகிலவாணியின் கண்ணுக்குத் திருப்பூரில் ஒரு மரியாதை இருந்தது. பனியன் கம்பெனிகளில் கேமராக்கள் வந்து, தையல் விட்டதையும் ஓட்டை விழுந்ததையும் அவையே பார்க்க ஆரம்பித்த பிறகு, செக்கிங் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாணியை மட்டும் யாரும் போகச் சொல்லவில்லை. இரண்டு லாட் துணிக்கு நடுவே நிறம் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அவளுக்குப் பிடிபட்டுவிடும். கேமரா சரி என்று சொல்லி வாணி இல்லை என்று சொன்னால், டையிங் மாஸ்டர் கேமராவைத்தான் திட்டுவார்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "முந்தின பீஸோட வெச்சுப் பாக்காதீங்க. சீல் வெச்ச சாம்பிளோட வெச்சுப் பாருங்க." முந்தின பீஸோடு பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். அது அதற்கு முந்தினதோடும் சரியாகத்தான் இருக்கும். ஆயிரமாவது பீஸுக்கு வந்து நிற்கும்போது சிவப்பு காவியாகியிருக்கும், எந்த இடத்தில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. துணி வாங்குகிற பையர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட துணியைக் கறுப்புக் கவரில் போட்டு சீல் வைத்து, வெளிச்சம் படாத பீரோவில் பூட்டி வைப்பது அதற்காகத்தான்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். வாணி விழுந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அது அவளுக்கே ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமைதான் தெரிய வந்தது.

அன்றைக்கு ஒரு பையர், ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய குழந்தைகள் உடுப்பு ஒன்றை அதே நிறத்தில் மறுபடி கேட்டிருந்தார். பழைய பீரோவைத் திறந்து, கவரைத் தேடி எடுத்து, சீலை உடைத்தாள் வாணி. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. வெங்காயக் கலர்.

பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த லாட்டில் மீந்த துணியை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த்தான் மகள் சம்யுக்தாவுக்கு ஒரு கவுன் தைத்தாள். பஃப் கை, முன்னால் மூன்று பட்டன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு சம்யு படம் எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து நாலே நாள் காய்ச்சல். எட்டு வயது. அந்தக் கவுனோடுதான் குழியில் வைத்தார்கள். அந்தத் துணியில் ஒரு விரற்கடைகூட மண்ணுக்கு மேலே மிச்சம் இல்லை என்று வாணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாம்பிளை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. கவரை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து திரும்ப வைத்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மகளின் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் துணியை ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து அவள் வந்தபோது, அனுப்பர்பாளையத்து வீட்டுக் கூடத்தில் படம் தொங்கியது. காகிதப் படம் இல்லை, இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற, சட்டம் போட்ட மெல்லிய மின்திரை. மேலே முல்லைச் சரம், கீழே ஒரு சிவப்பு பல்பு. அதை மாட்ட வந்த அன்றைக்கு வாணி பித்துப் பிடித்தவளாக இருந்தாள். ஆனாலும் கவுனின் நிறம் அவளுக்குச் சரிப்படவில்லை. "கொஞ்சம் நீலத்தக் கொறைங்க. இன்னும் ஒரு சொட்டு. ம், இப்பத்தான் அது" என்று கண் ஞாபகத்திலிருந்தே சொல்லி, மாட்ட வந்தவனை வேர்க்க வைத்தாள். அந்த மாதம் முழுக்க அவள் மனுஷரிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

இப்போது துணியைக் கவரிலிருந்து எடுத்துப் படத்தின் ஓரத்தில் வைத்தாள்.

சேரவில்லை.

டியூப் லைட்டின் குற்றம் என்று நினைத்தாள். படத்தைக் கழற்றி, வெயில் நேராகப் படாத வாசல் நிலைக்கு எடுத்து வந்து வைத்தாள். இன்னும் மோசமாக இருந்தது. படத்தில் இருந்தது வெங்காயக் கலரே இல்லை, செங்கல் நிறம். திரை பழசாகிவிட்டதோ? திரை பழசானால் எல்லா நிறமும் சேர்ந்துதான் மங்கும். சம்யுவின் தலை ரிப்பனின் வெள்ளை பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. தொழில் தெரிந்தவளுக்குத் தப்பித்துக்கொள்ள வழி கிடைப்பதில்லை.

பிறகு கையைப் பார்த்தாள். பஃப் இல்லை. சாதாரண அரைக்கை, மட்டமாகத் தோளோடு ஒட்டியிருந்தது. பட்டனை எண்ணினாள். இரண்டு. மறுபடி எண்ணினாள். இரண்டுதான்.

தினமும் காலையில் விளக்கு வைத்து, கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும் வரை இந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரான் துணியையெல்லாம் பார்க்கிறவள், தன் கையால் தைத்த கவுனின் கை மாறிப்போனதைப் பார்க்கவில்லை. கவுனிலிருந்து கண்ணை மேலே உயர்த்தப் பயமாக இருந்தது. உயர்த்தினாள். சம்யு சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்று எப்படிச் சிரித்தாளோ அப்படியே இருந்தது. முந்தாநாளும் அப்படித்தான். அதற்கு முன்னால்? துணிக்கு ஒரு சாம்பிள் கிடைத்துவிட்டது. இந்த முகத்துக்குச் சாம்பிள் எங்கே இருக்கிறது?

அவள் கணவர் பூபதி நிட்டிங் மெஷின் மெக்கானிக். சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குச் சாப்பிட வருவார். வீட்டுக்குள் நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டே வருவார், படம் இருக்கும் சுவர்ப் பக்கம் திரும்பவே மாட்டார். மகளைப் பறிகொடுத்த மனுஷர் வேறென்ன செய்வார் என்று வாணி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு வாசல் நிலையில் சாய்த்து வைத்திருந்த படத்தைத் தாண்டித்தான் அவர் வர வேண்டியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டார், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"ஏனுங்க, இந்தப் படத்துக்கு என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணுல."

"பஃப் கை எங்கீங்க? ரெண்டு நாள் உக்காந்து தெச்ச கையி. மூணு பட்டன் வெச்சேன், ரெண்டுதான் இருக்குது." துணித் துண்டை அவர் முன்னால் நீட்டினாள். "கலரப் பாருங்க. என்ற கண்ணுக்கு முன்னாடியே பொய் சொல்லாதீங்க."

பூபதி செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கையிலிருந்த மெஷின் ஆயிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ அப்ப இருந்த இருப்பு உனக்குத் தெரியாது வாணி. பதினோரு மாசம். சோறு ஊட்டுனா வாயில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்ப. போட்டோவக் கையில வெச்சுக்கிட்டு அதோடதான் பேச்சு. ரெண்டு தடவ கெணத்து மேட்டுல இருந்து உன்னயக் கூட்டியாந்தேன். எந்தக் கெணறுன்னுகூட உனக்கு ஞாபகமிருக்காது."

"போட்டோவ எடுத்துப் பெட்டியில போட்டிருக்கலாமல்லோ."

"டாக்டரு வேண்டாம்னாரு. படத்தப் புடுங்குனா இந்தம்மா தாங்காது, படம் இருக்கட்டும், கொஞ்சங் கொஞ்சமா மாத்தலாம், அதுக்குன்னே ஒரு கம்பெனி இருக்குதுன்னாரு. ஒரு நாளைக்கு ஒரு மசுரளவு. பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதாம். மூஞ்சி மாற மாற, பாத்ததும் நெஞ்ச அடைக்கறது கொறையுமாம்." அவர் தலையைத் தூக்கினார். "கொறைஞ்சுதா இல்லையா, நீயே சொல்லு."

குறைந்திருந்தது. அதுதான் கொடுமை. முதல் தீபாவளிக்கு அவள் எண்ணெய் வைத்துக் குளித்தாள். அடுத்த வருஷம் வேலைக்குப் போனாள். போன மாதம் பஸ்ஸில் யாரோ எதற்கோ சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தாள். காலம் ஆற்றும் என்று ஊரே சொன்னதை நம்பி, காலம்தான் ஆற்றியது என்று நினைத்திருந்தாள்.

"போன்ல இருந்த படமெல்லாம்? ஸ்கூல் ஐடி கார்டு? ஆல்பம்?"

"எல்லாத்தையும் குடுத்துட்டேன். ஊட்டுல ஒண்ணு மிச்சமிருந்தாக்கூட பலிக்காதுன்னாங்க. அங்க பத்திரமா சீல் பண்ணி வெச்சிருக்காங்க."

"அதனாலதான் நீங்க இந்தப் பக்கமே பாக்கறதில்லையா?"

"பாத்தா எனக்குத் தெரிஞ்சுருமே, எவ்வளவு மாறியிருக்குன்னு. கையெழுத்துப் போட்டவன் நானு."

வாணி படத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு என்ற புள்ள வேணுமுங்க. மொதல்ல இருந்தவ."

"வேண்டாம் வாணி. மறுபடியும் அந்தப் பதினோரு மாசம் வந்துதுன்னா, என்னால ஆவாது. ஒருத்தியக் குழியில வெச்சாச்சு. உன்னயும் வெக்கச் சொல்றியா?"

"அப்ப தெனமும் வெளக்கு வெச்சனே, அது யாருக்குங்க வெச்சேன்?"

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாணி படத்தைப் பழையபடி சுவரில் மாட்டினாள், அவரே அந்தப் படக் கம்பெனிக்குப் போன் பண்ணினார்.

பத்து மணிக்கு ரிஸ்வானா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு கறுப்புப் பை. பார்க்க நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள், அதுவே வாணிக்கு எரிச்சலாக இருந்தது. வாணி டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கவுன எதுக்கு மாத்துனீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"முகம் மட்டும் மாறினா துணி காட்டிக்குடுத்துரும்கா. எல்லாம் சேர்ந்து நகரணும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு மாத்துவீங்க? என்ன அளவு?" வாணிக்கே தெரியாமல் கேள்வியில் தொழில் வந்துவிட்டது.

"அளவு நாங்க வைக்கறதில்லைக்கா. படத்தோட சட்டத்துக்குள்ள ஒரு குட்டிக் கேமரா இருக்கு. உங்க கண்ணு எங்க நிக்குது, எங்க சந்தேகப்படுதுன்னு அது பாத்துட்டே இருக்கும். சந்தேகம் வந்தா அந்த எடத்துல பின்வாங்கிரும். எந்தப் பக்கம் போனா உங்க கண்ணு ஆட்சேபிக்கலையோ, அந்தப் பக்கமா ஒரு அடி வைக்கும்."

"அப்படிப் போயி எங்க சேரும்?"

"அது எங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு பக்கம் போகும்." ரிஸ்வானா டம்ளரைக் கீழே வைத்தாள். "மத்த வீடுகள்ல ரெண்டு வருஷத்துல முடிஞ்சுரும். உங்க வீட்டுல ஆறு வருஷம் ஆகியும் இன்னும் முடிவுக்கு வரல. உங்க கண்ணு அவ்வளவு கறார்னு ஆபீஸ்ல பேசிக்குவாங்க."

வாணிக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அடுத்த கணமே தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல வந்தது.

"பழைய படத்தை மெதுவா, வந்த மாதிரியே திரும்பக் கொண்டு வந்துரலாம்கா," என்றாள் ரிஸ்வானா. "இன்னொரு ஆறு வருஷம். கஷ்டம் தெரியாது."

"ஒரேயடியா மாத்துங்க."

"அப்படி மாத்தின சில வீடுகள்ல ரொம்பச் சிரமப்பட்டிருக்காங்க."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. நானே பாத்துக்கறேன்."

"அது முடியாதுக்கா. நடுவுல வந்த எதையும் நாங்க சேத்து வைக்கறதில்லை. நேத்து இருந்த முகம் இன்னிக்குக் கிடையாது. மூலப் படம் வந்துட்டா இப்ப இருக்கறது அழிஞ்சுரும், திரும்ப யாராலயும் கொண்டு வர முடியாது."

"போனாப் போவுது. அது பொய்தானே."

முதலில் ஒப்புதல் கொடுத்தவர் பூபதி. அதனால் அவர்தான் கட்டைவிரல் வைக்க வேண்டும். ரிஸ்வானா நீட்டிய கருவியைப் பார்த்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். முதல் தடவை பதியவில்லை. இரண்டாம் தடவை பதிந்தது.

திரை கறுத்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு படம் வந்தது.

வாணி முதலில் கவுனைப் பார்த்தாள். பஃப் கை இருந்தது. மூன்று பட்டன் இருந்தது. துணித் துண்டை ஓரத்தில் வைத்தாள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் கண் ஞாபகத்திலிருந்து சொன்ன நிறம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. நெஞ்சு நிறைந்துபோய், மகளைப் பார்க்க ஆசையாகக் கண்ணை உயர்த்தினாள்.

கவுனுக்குள் வேறு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

களையான பிள்ளை. கொஞ்சம் துடுக்கு, கண்ணில் தெரிந்தது. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. வாணி எங்கேயும் பார்த்ததாக ஞாபகம் வராத முகம். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், லைட் பாக்ஸுக்குள் துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு பொறிகூடத் தட்டவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை.

"கண்ணு, படம் மாறிப்போச்சாட்ட இருக்குது," என்றாள் ரிஸ்வானாவிடம், மரியாதையாகவே. "கவுனு எங்களுதுதான். புள்ள வேற யாரோடதோ. நல்லாப் பாருங்க, இன்னொரு ஊட்டுக்காரங்க தேடிட்டிருக்கப் போறாங்க."

ரிஸ்வானா வாயைத் திறக்கும் முன்னால் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூபதி தலையைத் தூக்கியிருந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தார். "சம்யூ," என்றார். "என்ற சாமீ." அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, மகள் செத்த அன்றைக்குக்கூட அழாத மனுஷர், தெருவுக்குக் கேட்கும்படி அழுதார்.

வாணி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தவரிடம் மகளின் முகம் கசங்காமல் அப்படியே இருந்தது. ஒரு நாள் விடாமல் பார்த்தவளிடம் ஒன்றும் இல்லை. அவர் அழுகிறார் என்பதால் இது சம்யுதான் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொறாமை வந்தது. பெற்ற பிள்ளையின் படத்துக்கு முன்னால் புருஷன் மேல் பொறாமைப்பட்ட பெண் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ரிஸ்வானா எப்போது போனாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

வெயில் கூடத்துக்குள் வந்த பிறகுதான் வாணிக்குக் கண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. பூபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஞாபகம் வந்துருச்சா?" என்று ஆசையோடு கேட்டார்.

"இல்லீங்க. அவளக் காணமுங்க."

"யார?"

"இத்தன நாளும் இங்க இருந்தவள. அவ பொய்யின்னு எனக்குத் தெரியுது. இருந்தாலும், ஆறு வருஷம் பாத்தனுங்க. நேத்து வரைக்கும் இருந்தா. அவளுக்குன்னு அழுவறதுக்கு ஒரு சனமில்ல. நீங்ககூட ஒரு தடவ அவளப் பாத்ததில்ல."

பூபதி தன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் செய்தது தப்போ சரியோ, அந்த நேரத்தில் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான் இருந்தது. "எப்படி இருப்பா, சொல்லு," என்றார். "நீ சொல்லு, நான் நெனச்சுப் பாக்கறேன்."

வாணி கண்ணை மூடிக்கொண்டாள். செக்கிங் சீட்டில் எழுதுகிறவளின் நிதானத்தோடு சொல்ல ஆரம்பித்தாள். "நெத்தி சின்னது. வலது கண்ணு எடது கண்ண விட ஒரு நூல் சின்னது, உத்துப் பாத்தாத்தான் தெரியும். காதுச் சோணை தொங்காது, கன்னத்தோட ஒட்டிட்டிருக்கும். கீழ் உதடு நடுவுல கொஞ்சம் மடிஞ்சிருக்கும். சிரிச்சா எடது கன்னம் மட்டும் எறங்கும்..."

வாணி கண்ணைத் திறந்தாள். பூபதி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அவள் நெற்றியில் இருந்தது, பிறகு வலது கண்ணுக்கு வந்தது, காதுக்குப் போனது, உதட்டில் வந்து நின்றது.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"வாணி. அது நீ."

அவள் கை தானாகக் காதுக்குப் போயிற்று. சோணை தொங்கவில்லை. பிறந்ததிலிருந்து தினமும் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிய முகம். படம் அந்தப் பக்கமாக ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் கண் ஆட்சேபிக்கவில்லை. பழகிய முகம் என்று வழி விட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் உயிரோடு இருக்கிற தன் படத்துக்குத் தானே பூப் போட்டு, குங்குமம் வைத்து, கும்பிட்டிருக்கிறாள்.

"அப்ப நானு சம்யுவுக்காக அழுவவே இல்லீங்களா? இத்தன வருஷமும் எனக்காகத்தான் அழுதுட்டிருந்தனா?"

பூபதி அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு எழுந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பாதி முளைத்த பல்லைக் காட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை சிரித்தது, யாரோ படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னதற்காக. வாணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காத கண்ணு," என்றாள். "எனக்கு உன்னய அடையாளம் தெரியல."

அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு பூபதி மறுபடியும் அழ ஆரம்பித்தார்.